மஞ்சள் விளக்கு எரியாத நான்காம் லைன்

சொர்ணம்மாளை நான் முதலில் பார்த்தபோது அவர் முகம் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது. ஒரகடத்தில் கார் சீட் உறை தைக்கும் கம்பெனியில், பராமரிப்புப் பிரிவில் நான் சேர்ந்த முதல் வாரம். நான்காம் லைனைச் சுற்றிப் பார்க்கப் போனேன். ஒரு மிஷினில் ஊசிக்குக் கீழே இருக்கும் தகடு கழற்றி வைக்கப்பட்டிருந்தது. வாயில் சின்ன டார்ச்சைக் கடித்துக்கொண்டு ஒரு பெண் அதற்குள் குனிந்திருந்தார். ஆபரேட்டர் மிஷினைத் திறக்கக் கூடாது என்று அங்கே மூன்று மொழியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அந்த ஸ்டிக்கர் மேலேயே ஸ்க்ரூ டிரைவரை வைத்திருந்தார்.

டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு, திரும்பாமலே சொன்னார்: "வெளிச்சத்த மறைக்காதிய. தள்ளி நில்லுங்க."

"மெக்கானிக்கைக் கூப்பிடலையா?" என்றேன்.

"கூப்புட்டா அவரு எப்பம் வருவாரு? நான் ரிட்டையர் ஆனப்பொறவா?" அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். என் கழுத்து அட்டையைப் படித்தார். "ஓ, புது இஞ்சினியரா. எந்த ஊரு தம்பி?"

"செய்யாறு பக்கம் ஒரு கிராமம். எங்க ஊருல நான்தான் முதல் இன்ஜினியர்."

"அப்பம் ஒங்க ஊரு மிஷினெல்லாம் இத்தன நாளா யாரு பாத்தா?"

பக்கத்து மிஷின்களில் சிரிப்பு கிளம்பியது. எனக்குக் கோபம் வரவில்லை. நான் முதல் இன்ஜினியர் என்பது உண்மை, அதை இன்றும் எங்கேயும் கூச்சமில்லாமல் சொல்வேன். அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான்.

சொர்ணம்மாள் சாத்தான்குளத்துக்காரர். ஒரகடத்துக்கு வருவதற்கு முன் தூத்துக்குடியில், துறைமுகத்து லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடையில் வேலை பார்த்தவர். அந்தக் கடை முதலாளி மெக்கானிக்குக்குச் செலவழிக்க மாட்டார். அதனால் தைப்பவர்களே மிஷினையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சொர்ணம்மாளுக்கு அப்படித்தான் கைவந்தது. இங்கே ஒப்பந்தத் தொழிலாளி. சிங்கப்பெருமாள் கோவிலில் அறை எடுத்து, ஷேர் ஆட்டோ பிடித்து வருவார்.

சீட் உறை தைப்பது சட்டை தைப்பது போல் இல்லை. ரெக்சின், அதன் அடியில் ஸ்பாஞ்ச், மடிப்பு வரும் இடத்தில் இதெல்லாம் இரட்டிப்பு. நூல் தடித்த நைலான். ஊசி கொஞ்சம் வளைந்தாலும் கீழே அடிநூல் இருக்கும் பாபினைச் சுற்றி ஓடும் ஹூக்கின் முனையில் போய் இடிக்கும். முனை மழுங்கினால் ஊசி கொண்டுவரும் நூலை ஹூக் பிடிக்காது, தையல் தாண்டும். முனையில் பிசிறு விழுந்தால் நூலே அறுந்துபோகும். சொர்ணம்மாள் முதலில் பாபினை எடுத்து ஓரம் நெளிந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஹூக்கின் முனையை நகத்தால் தடவுவார். நகம் மாட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். தேய்த்துச் சரியாகாது என்று தெரிந்தால் ஹூக்கையே கழற்றிப் புதிதை மாட்டிவிடுவார்.

கம்பெனி விதி வேறு. மிஷின் தகராறு செய்தால் பொத்தானை அழுத்த வேண்டும். தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு எரியும். மெக்கானிக் வந்து அணைக்கும்வரை லைன் நின்ற நேரம் கம்ப்யூட்டரில் ஏறும். மூன்று லைனுக்கு ஒரே மெக்கானிக். நான்காம் லைன் சூப்பர்வைசர் மணிகண்டபிரபு உள்ளூர்க்காரன். விளக்கு எரிந்தால் மேலே அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

"அக்கா, அமுக்காத அக்கா. டார்கெட் பூடும். நீயே பாத்துடேன்" என்று ஓடி வருவான். புது ஹூக்கெல்லாம் அவன் டிராயரில் தயாராக இருக்கும். மாதத் தொடக்கத்திலேயே ஸ்டோரில் மொத்தமாக வாங்கி வைத்துவிடுவான்.

அடுத்தவர் மிஷினைப் பார்க்கப் போனால் சொர்ணம்மாளின் கணக்கில் பீஸ் குறையுமே? அதற்கு அந்தப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். யார் மிஷினைச் சரிசெய்தாரோ அவள் தான் தைத்த பீஸிலிருந்து எடுத்து சொர்ணம்மாளின் டிரேயில் போட்டுவிடுவாள். இதைத் தொடங்கி வைத்தது பக்கத்து மிஷின் கவியா. தென்காசிப் பெண், ஹாஸ்டலில் தங்கியிருப்பவள். யாரும் யாரையும் கேட்பதில்லை, கை அதுபாட்டுக்குப் போடும். இதனால் சொர்ணம்மாளின் பீஸ் குறையவில்லை, லைனும் நிற்கவில்லை, விளக்கும் எரியவில்லை. கம்ப்யூட்டரில் நான்காம் லைன் என்றால் துளி அழுக்கில்லாத லைன்.

பிறகு நோட்டீஸ் போர்டில் ஒரு அறிவிப்பு வந்தது. தேவைப்படும் லைன்களுக்குத் தனி மெக்கானிக் போடப்போகிறார்கள். ஆபரேட்டர்களும் விண்ணப்பிக்கலாம், பெண்களும் வரலாம், தேர்வானால் நிரந்தர வேலை.

சொர்ணம்மாளுக்கு அது ஆசை மட்டும் அல்ல. முப்பத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கு ஒப்பந்தம் நீட்டிப்பதில்லை என்பது எங்கேயும் எழுதி வைக்காத, எல்லோருக்கும் தெரிந்த விதி. அவர் அந்த வயதின் வாசலில் நின்றார். மெக்கானிக் ஆனால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே.

செய்முறைத் தேர்வு வைத்தார்கள். வேண்டுமென்றே கலைத்துப் போட்ட மிஷின். பராமரிப்பு மேனேஜர் சண்முகசுந்தரமும் நானும் பக்கத்தில் நின்றோம். சொர்ணம்மாள் பழைய ஹூக்கைத் தூக்கிப் பார்த்து, "இத வச்சித் தோசைதான் திருப்பலாம்" என்று ஓரமாகப் போட்டார். புதியதை மாட்டி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். ஊசி அடிவரை இறங்கி மறுபடி மேலேறத் தொடங்கும்போது, ஹூக்கின் முனை ஊசிக் காதுக்குச் சற்று மேலே வந்து நிற்க வேண்டும். உரசக் கூடாது, விலகவும் கூடாது. நின்றது. திருகுகளை இறுக்கினார். தைத்த துணியைத் திருப்பி, அடித்தையலை மேனேஜரிடம் காட்டினார்.

"வெரி குட்மா" என்றார் சண்முகசுந்தரம். அது உண்மையான பாராட்டுதான், அவர் கெட்ட மனிதர் இல்லை.

எந்தெந்த லைனுக்கு மெக்கானிக் என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அவர் திரையைக் காட்டினார். "நாலாவது லைன்ல பிரேக்டவுனே இல்லையேப்பா. அங்க எதுக்கு ஆள்? ஆபரேட்டருக்கு அவங்க சொந்த லைன்லதான் போஸ்டிங்னு ஹெச்.ஆர். சொல்லிட்டாங்க."

"சார், பிரேக்டவுன் இருக்கு. அந்த அம்மாவே பாத்துடறாங்க. ஸ்டோர்ல பாருங்க, அந்த லைனுக்கு ஹூக் போயிருக்கு. மாத்தினது யாரு?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப பர்மிஷன் இல்லாம மிஷினைத் திறந்திருக்காங்கன்னு சொல்றியா? அதையும் விசாரிக்கணுமா?"

விசாரித்தார்கள். மணிகண்டபிரபு, "இன்னா சார் நீங்க, கெடறதுக்கு முன்னாடியே மெயின்டனன்ஸ்ல மாத்துனது சார் அதெல்லாம். லைன்ல ஒரு பிராப்ளமும் கெடையாது" என்று சாதித்தான். கவியாவையும் மற்றப் பெண்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "எம் மிஷினு கெடவே இல்ல சார்" என்றாள் ஒவ்வொருத்தியும். உண்மையைச் சொன்னால் அக்காவை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார்கள். பீஸ் மாற்றிப் போட்டது தெரிந்தால் தங்கள் கதி என்ன என்ற பயமும் இருந்திருக்கும்.

சொர்ணம்மாளையும் கேட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அத்தனை பேரையும் மாட்டிவிட வேண்டும்.

மறுநாளிலிருந்து அவர் எந்த மிஷினையும் தொடவில்லை. தகராறு என்று யாராவது கூப்பிட்டால், "பொத்தான அமுக்கு தாயி, வருவாவ" என்று தன் வேலையைப் பார்த்தார். நான்காம் லைனில் மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிந்தன. டார்கெட் சரிந்தது. மணிகண்டபிரபு வந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"அக்கா, மேலேர்ந்து வாய்க்கு வந்தபடி திட்றாங்க. இன்னா கோவம்னாலும் லைனாண்ட காட்டாத அக்கா."

"கோவமா? ஸ்டிக்கருல போட்டிருக்குல்லா, தெறக்காதன்னு. அதான் தெறக்கல."

டார்கெட் போனதும் ஞாயிற்றுக்கிழமை வேலை வந்தது. பெண்களின் முகம் மாறியது. கவியா ஒருநாள் தைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒங்க ஒரு ஆளு வேலைக்காவ எங்க எல்லாரு லீவயும் எடுத்துட்டிய. நாங்க ஒங்களுக்குப் போட்ட பீஸு கொஞ்சமாக்கா?"

சொர்ணம்மாள் அடுத்த பீஸை எடுத்து ஊசிக்கடியில் வைத்தார். அவர் மிஷின் பார்ப்பதை நிறுத்தியதிலிருந்தே அவர் டிரேயில் யாரும் எதையும் போடவில்லை. போடக் கூடுதல் பீஸும் யாரிடமும் இல்லை.

விளக்குகள் வேலை செய்தன. நான்காம் லைனுக்கு மெக்கானிக் தேவை என்று கம்ப்யூட்டர் சொன்னது, மேனேஜரும் கையெழுத்துப் போட்டார். அதே கம்ப்யூட்டர்தான் அந்த நாட்களில் லைனில் யார் யார் பீஸ் குறைந்தது என்றும், மெக்கானிக்குக்குக் காத்திருந்த சொர்ணம்மாளின் பெயரையும் சேர்த்து, சொன்னது. சொர்ணம்மாளைப் பற்றி, ஒத்துழைப்புக் குறைவு என்று மணிகண்டபிரபுவிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். போஸ்டிங் ஐ.டி.ஐ. முடித்த ஓர் ஆளுக்குப் போனது. சொர்ணம்மாளின் ஒப்பந்தம் அந்தத் தவணையோடு நீட்டிக்கப்படவில்லை. நான் இரண்டு முறை மெயில் போட்டேன். "நோட்டட்" என்று பதில் வந்தது. இரண்டுக்கும் அதேதான்.

கடைசி நாள் ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"மொத நாளுலருந்து பொத்தான அமுக்கிட்டுக் கொட்டாவி விட்டுட்டு இருந்திருந்தேன்னா, இப்பம் நான் பெர்மனென்ட்டு" என்றார். "நீங்க எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கிய? ஒங்கள யாரும் அனுப்பலல்லா?"

"இல்லைக்கா."

"அனுப்ப மாட்டாவ. நல்லாப் படிச்சிருக்கிய." ஆட்டோ வந்தது. ஏறிக்கொண்டார். அந்தப் பேச்சில் கேலி இருந்ததா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

நான்காம் லைனில் இப்போதும் விளக்கு எரிகிறது, புது மெக்கானிக் வந்து அணைக்கிறார். சொர்ணம்மாள் தண்டலத்தில், ஹைவே ஓரம் ஒரு சீட் கவர் கடையில் தையல் வேலை செய்கிறார். நிரந்தரம் என்று அங்கே எதுவும் கிடையாது.