பிரசாதத்தை மறுத்த கிளி

பெருமாளுக்குப் படைத்த பின்னரே எங்கள் இல்லத்தில் எல்லோரும் உண்போம். வெளியூர் சென்ற மகள் தன் காக்டீல் கிளி அமுதுவை என்னிடம் விட்டுச் சென்றாள். அதற்கும் அவ்வழக்கத்தையே கடைப்பிடித்தேன். எனக்கெனக் குழைய வேகவைக்கும் காய்கறியைப் படைத்து, அதன் கூண்டிலும் சிறிது வைத்தேன்.

இரண்டு நாளாகத் தினையைக் கொஞ்சம் கொறித்ததோடு சரி. பிரசாதத்தை அமுது திரும்பியும் பார்க்கவில்லை. மகள் திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்வேன்? அஞ்சிப்போய், இன்று கூண்டுடன் செந்துறையிலிருந்து அரியலூர் கால்நடை மருத்துவமனைக்குப் பேருந்து ஏறினேன்.

அருகில் ஓர் அம்மையார். அவர் மடியில் ஒரு பை நிறைய வெண்டைக்காய்.

"கிளி ஏங்கய்யா இப்புடி வாடிக் கெடக்கு?"

நடந்ததைக் கூறினேன். சிரித்துவிட்டார்.

"கொழகொழன்னு வேக வச்சுக் குடுக்க, அது என்ன காய்ச்சல்லயா கெடக்கு? பச்சையா குடுங்கய்யா!"

"சாமிக்குப் படைக்காம எப்படிம்மா குடுக்கறது?"

"நல்லா கேட்டீங்க! எங்க கொல்லையில இது அவருக்குத் தெரியாமலா காச்சிருக்கு?"

பாசுரங்களை இத்தனை ஆண்டுகள் ஓதிய நான், கூண்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் ஒரு காயை ஒடித்து நீட்டினார். அமுது அதைப் பறித்து, விதை சிதற, பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி கடித்துத் தின்றது. அரியலூர் வருவதற்குள் மூன்று காய்கள் முடிந்தன. மருத்துவமனைக்குப் போகாமல் அடுத்த பேருந்திலேயே திரும்பிவிட்டேன்.

நாளை முதல் பெருமாளுக்குப் பச்சை வெண்டைக்காய்தான். ஆனால் படைத்ததை நானும் உண்டாக வேண்டுமே! அமுதுவுக்கு அலகு இருக்கிறது. எனக்கிருப்பது பல் செட்டு. வழி தெரிந்த அன்பர்கள் பெருமாள் பெயரால் கூறியருள்க.