பல்லைக் கட்டினால் சரி

எனக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கும் மிதந்த பற்கள். வாயை இறுக்கி மூடினாலும் உதட்டைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கும். பள்ளிக்கூடத்தில் பெடியள் எனக்கு வைத்த பெயர் திருவலை. தேங்காய் திருவுகிற திருவலைதான். நான் அழுதுகொண்டு வந்து சொன்னபோது ஐயா, "திருவலை இல்லாத வீட்டிலை சம்பலும் இல்லை, புட்டும் இல்லையடி மோள். போய்ச் சொல்லு" என்றார். போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பெயர் எனக்கு வலிக்கவில்லை.

நல்ல பற்கள் அவை. கரும்பு உரித்திருக்கிறேன், நூல் அறுத்திருக்கிறேன், சோடாப் போத்தல் மூடிகூடக் கழற்றியிருக்கிறேன். ஒன்றிலாவது ஒரு பூச்சி கிடையாது. இருபத்து மூன்று வயதில் கலியாணம் பேசத் தொடங்கியபோதுதான் அவை வீட்டுக்குப் பாரமாகின.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு பெடியன்கள் ஜேர்மனிக்கும் லண்டனுக்கும் ஏறத் தொடங்கிய காலம். உடுப்பிட்டிப் பக்கத்திலிருந்து ஒரு ஜேர்மனி மாப்பிள்ளைக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். சாத்திரம் பொருந்தியது. கொடுக்கல் வாங்கலும் பேசியாயிற்று. போகிற நேரம் மாப்பிள்ளையின் தாய் வாசல் படலையடியில் நின்று அம்மாவிடம் சொன்னார்:

"பிள்ளை நல்ல நிறம், நல்ல அடக்கம். பல்லை மட்டும் ஒருக்கால் கட்டிவிட்டியளெண்டால் சரி. வேறை ஒரு குறையும் நாங்கள் சொல்ல மாட்டம்."

"ஓம் ஓம், கட்டுவம்" என்றார் அம்மா.

எங்கள் ஊர் நீர்வேலியில் எங்களுக்குத் தெரிந்தவரை, பல்லுக் கட்டுவது என்றால் பொய்ப்பல் வைப்பதுதான். பல் விழுந்த பெரியவர்கள் பட்டினத்துக்குப் போய்க் கட்டிக்கொண்டு வருவார்கள். பல்லுக்குக் கம்பி கட்டிய ஒரு வாயை எங்கள் தெரு ஒழுங்கையில் ஒருவரும் கண்டதில்லை. மாப்பிள்ளையின் தாயுடைய கொழும்புத் தமக்கையின் மகள் கம்பி கட்டியிருந்தாளாம். இதை நாங்கள் பிறகுதான் அறிந்தோம்.

அம்மாவும் சின்னம்மாவும் என்னை யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். சின்னம்மா எங்கள் குடும்பத்தின் வாய். எங்கே போனாலும் அவர்தான் கதைப்பார், நாங்கள் தலையாட்டுவோம். வைத்தியர் ஆறுதலாகப் பார்த்தார். "மூண்டு வழி இருக்கு" என்றார்.

"ஒண்டு, அராவலாம். அராவினால் நீளம் கொஞ்சம் குறையும், மிதப்புக் குறையாது. பேந்து தண்ணி குடிக்கக் கூசும். மற்றது, கம்பி போட்டு உள்ளை இழுக்கலாம். அதுதான் திறம். ஆனால் ரெண்டு வரியம் செல்லும். இங்கை அதுக்கு ஆள் இல்லை, மாதாமாதம் கொழும்புக்குப் போகவேணும்."

"கொழும்புக்கோ!" சின்னம்மா நெஞ்சில் கைவைத்தார். "இருக்கிற நிலைமையிலை குமர்ப்பிள்ளையைக் கொண்டு கொழும்புக்கோ? பல்லை இழுக்கப் போய் ஆளையே விட்டிட்டு வரவோ டொக்டர்? மற்ற வழியைச் சொல்லுங்கோ."

"மற்றது, நாலையும் பிடுங்கிப்போட்டுத் தட்டு வைக்கிறது. முரசுச் சதை காய்ஞ்சால் சரி, கெதியா முடியும். ஆனால் அம்மா, இது நல்ல பல்லு. உதைப் பிடுங்க எனக்கு மனம் வரேல்லை." பிறகு சின்னக் கண்ணாடியை என் வாய்க்குள் விட்டபடியே என்னைக் கேட்டார்: "நீர் என்ன சொல்லுறீர், பிள்ளை?"

கண்ணாடி வாய்க்குள் இருந்தது. நான் "ஆ... ஆ" என்றேன்.

"ஓமாம்" என்றார் சின்னம்மா.

என் பற்களைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். அதற்கும் விடை சொன்னது வேறு ஆள்.

பிடுங்கினார்கள். ஊசி போட்டதால் நோவு தெரியவில்லை. பல் எலும்பை விட்டுக் கழலுகிற சத்தம்தான் மண்டைக்குள் கேட்டது. நல்ல பல் லேசில் வராது. வைத்தியருக்கு வேர்த்துக் கொட்டியது. முரசு ஆறின பிறகு தட்டு வந்தது. அண்ணத்தை மூடிக்கொண்டு ஒரு ரோசா நிறத் தகடு, அதன் முனையில் எனக்குச் சொந்தமில்லாத வெள்ளைப் பற்கள் நான்கு. தேத்தண்ணி சுடுகிறதா ஆறிவிட்டதா என்று தெரியவில்லை. மாங்காயை வெட்டித்தான் தின்ன வேண்டும். "ச" வருகிற சொல்லெல்லாம் விசிலடித்தது. அம்மா என்னைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, "பார், லட்சுமிமாதிரி இருக்கு" என்றார். பார்த்தேன். என் வாயில் சின்னம்மாவின் சாயல் தெரிந்தது.

மாப்பிள்ளையின் தாய் இரண்டாந்தரம் வந்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு போனேன். சிரிக்கச் சொல்லியிருந்தார்கள், சிரித்தேன். அவர் கோப்பையை எடுக்கவில்லை. குனிந்து, கண்ணைச் சுருக்கி, என் வாயைப் பார்த்தார்.

"கம்பி எங்கை?"

"கம்பி ஏன்?" என்றார் அம்மா.

"பல்லைக் கட்டச் சொன்னனான் எல்லோ. கம்பியைக் கேக்கிறன்."

"கட்டித்தானே கிடக்கு. வடிவாப் பாருங்கோ" என்றார் சின்னம்மா.

அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "ஐயோ, பிடுங்கியெல்லே போட்டியள்! கட்டுறதெண்டால் இருக்கிறதைக் கட்டுறது. இல்லாததை ஆரும் கட்டுவினமோ?"

சின்னம்மா விடுவாரா? "ஏன், வீடு இருக்கிற இடத்திலையோ வீடு கட்டுறது? வெறுங்காணியிலைதான் கட்டுறது! உங்கடை வாயிலை வந்த சொல்லுத்தானே!"

"நான் சொன்ன சொல்லுச் சரி. உங்கடை காதுதான் பிழை. இந்த வயசிலை பொய்ப்பல்லுக்காரியை என்ரை மோனுக்குக் கட்டிவைச்சால் ஊர் என்ன சொல்லும்?"

"கட்டுறது எண்டு இப்ப மூண்டாவது கருத்திலை சொல்லுறியள். எந்தக் கட்டு எண்டு முன்னமே சொல்லக்கூடாதோ?"

மற்ற நேரமாக இருந்தால் இந்தக் கதையை நான் ரசித்திருப்பேன். ஆட்கள் வாயில் வருகிற சொல்லெல்லாம் எனக்குப் பிரியம். பள்ளிக்கூடத்துக்கு வெளியே நான் படித்த படிப்பே அதுதான். அன்றைக்குத் தேத்தண்ணித் தட்டோடு நின்று, இரண்டு மனிசிகள் ஒரு சொல்லை ஆளுக்கொரு பக்கமாக இழுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேருடைய வாயிலும் சொந்தப் பல் இருந்தது.

சம்பந்தம் குழம்பியது. அம்மா கடைசிவரை அந்த மனிசியைத் திட்டினார். சின்னம்மா, "சொல்லுப் பிழைச்சுப்போச்சு, ஆர் என்ன செய்யிறது" என்று தன்னை ஆற்றிக்கொண்டார். ஐயா மட்டும் என் முகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். திருவலை என்று ஒருநாளும் பிறகு அவர் பகிடிக்கும் சொல்லவில்லை. வேறு இடங்கள் வந்தன. பொய்ப்பல் என்று தெரிந்ததும் போயின. தெரியாமல் வைப்போம் என்றார் சின்னம்மா. நான் சம்மதிக்க மாட்டேன் என்றேன். அந்தச் சொல்லிலும் என் வாய் விசிலடித்தது.

சில வருடங்கள் கழிந்து, பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்குப் பந்தல் போட்டார்கள். வாசலில் வாழை கட்டுகிற ஆளைப் பார்த்து அந்த வீட்டுக்கார மாமி சத்தம் வைத்தார்:

"தம்பி, உன்னை வாழை கட்டத்தான் சொன்னது. எங்கடை ஊர்ப் பல்லுக் கதைமாதிரிப் பிடுங்கிப்போடாதை!"

பந்தல் முழுக்கச் சிரித்தது. பிறகு யாரோ என்னைக் கண்டு மாமியின் கையைக் கிள்ள, சிரிப்பு அப்படியே நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நல்லநாளும் பெருநாளுமாக ஒரு வீட்டுச் சந்தோசத்தைக் கெடுக்கக்கூடாதே. நானும் சிரித்தேன். பல் வரிசை ஒழுங்காக இருந்தது.