மாடி ஏறாத குங்குமம்

அன்னூரில் என் மாவு மில்லுக்கு மேல்மாடியில் சீனிவாசலு வாத்தியார் குடியிருக்கிறார். மூடிப்போன பஞ்சாலை ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். கல்யாணம் கட்டவில்லை. சொந்தம் என்று யாரும் படியேறி நான் பார்த்ததில்லை. சாயங்காலம் வேலை விட்டு வருகிறவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார். வாய் திறந்து பேசுவது அப்போது மட்டும்தான். மற்ற நேரத்தில் நான் மெஷினை நிறுத்தினால், மேலே ஃபேன் சுற்றுவதுதான் கேட்கும்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் அவர் பாடம் படி வழியாக இறங்கி வந்து காதில் விழுந்துவிடும். கொஞ்ச நாளாக அட்வெர்ப் நடத்துகிறார். ஒரு வேலை எப்படி நடந்தது என்று சொல்கிற சொல்லாம். நம் 'வேகம்' 'வேகமாக' ஆகிற மாதிரி, அங்கே 'ஸ்லோ' ஒரு வால் ஒட்டிக்கொண்டு 'ஸ்லோலி' ஆகும். 'ஃபாஸ்ட்' வால் ஒட்டாமலே நிற்கும். 'ஃப்ரெண்ட்லி'க்கு வால் இருக்கும், ஆனால் அது இந்தக் கூட்டத்தில் சேராது.

"வாலைப் பாத்து ஏமாறாதீங்க. எப்படின்னு கேளுங்க. பதில் சொல்லுச்சுன்னா அதுதான்" என்பார். டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்துக் காட்டி, "ஹவ்?" என்று கேட்பார்.

"ஸ்லோலிங்க சார்!"

"அந்த 'ங்க'வைக் கீழ மில்லுல போட்டுட்டு வாங்கப்பா. அவரு அரைச்சுக்கட்டும்."

சிரிப்புச் சத்தம் கீழே வரைக்கும் வரும்.

அங்கே படிக்கிறவர்களில் அன்புமணி தறி ஓட்டுகிறவர். ஆர்டர் கொடுக்கிறவர்களிடம் பேச வேண்டுமென்று படிக்கிறார். அவர் புது வீடு கட்டினார். கான்கிரீட் போட்டதும் டைல்ஸ் ஒட்டியதும் வாத்தியாருக்குத் தினமும் பாடமாயிற்று. எப்படிப் போட்டீர்கள், எப்படி ஒட்டினீர்கள் என்று இங்கிலீஷில் சொல்லச் சொல்வார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்ததும் வாத்தியார் வெள்ளைச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டு, கீழே வந்து எனக்குக் காட்டினார்.

"அன்புமணி ஊட்டு விசேசத்துக்குங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை அன்புமணியும் அவர் சம்சாரமும் அழைக்க வந்தார்கள். என் வீட்டுக்காரிக்குக் குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்தார்கள். வகுப்பு இல்லாத அந்த நாளில் மேலே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"மேல வாத்தியாருக்கு?" என்றேன்.

அந்தம்மா கையிலிருந்த சிமிழைப் பார்த்தார், படியைப் பார்த்தார். "அங்க பொம்பளைங்க யாரும் இல்லீங்களே. குங்குமம் யாருக்குங்க குடுக்கறது?"

"அவரு ஒண்டியாளுதானுங்க. கிளாஸ் குரூப்புல பத்திரிகையைப் போட்டுட்டேன்" என்றார் அன்புமணி. வண்டி கிளம்பிவிட்டது.

கெட்டவர்கள் இல்லை. எங்கள் பக்கம் அழைப்பு வைப்பது வீட்டுக்கு. பொம்பளை இல்லாத இடம் வீட்டுக் கணக்கில் வராது.

விசேஷத்தன்று என் வீட்டுக்காரியை முன்னால் பஸ் ஏற்றிவிட்டு மேலே போனேன். வாத்தியார் வெள்ளைச் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"கெளம்புங்க."

"என்னைக் கூப்புடலீங்களே."

"குரூப்புல போட்டாங்கல்ல?"

"போட்டாங்க. எப்படிக் கூப்புட்டாங்கன்னு கேட்டுப் பாருங்க."

"உங்க பாடத்தைத் தூக்கி அடுப்புல வைங்க. வண்டியில ஏறுங்க."

பந்தல் வாசலில் அவரை இறக்கிவிட்டு, வேலியோரம் வண்டியை நிறுத்தப் போனேன். திரும்பி வந்தால், மனுஷன் ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறார். ஓடிப்போய் மறித்தேன்.

"என்னாச்சுங்க?"

"வாழைமரத்துகிட்ட நின்னேன்ங்க. எனக்கு முன்னாடி போனவங்களை அந்தம்மா வாங்கன்னாங்க. பின்னாடி வந்தவங்களையும் வாங்கன்னாங்க."

"உங்க மூஞ்சி அவங்களுக்குத் தெரியாது. வாங்க, நான் சொல்றேன்."

"நீங்க சொல்லிக் குடுத்து அவங்க கேக்கற 'வாங்க' எனக்கு எதுக்குங்க?"

வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று வரவேற்பதைத்தான் எங்கள் பக்கம் 'வாங்க கேட்பது' என்போம். என் வீடாக இருந்தால் நானே கேட்டிருப்பேன். பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அன்புமணி தாம்பூலப் பையோடு வந்தார். "ஏனுங்க, வாத்தியாரு ஏன் வரலை?" என்றார்.

"மேல போய்க் கேளுங்க" என்றேன்.

எப்போதும் வாத்தியார் உட்கார்ந்த இடத்திலிருந்தே "கம் இன்" என்பார். அன்றைக்குக் காலடிச் சத்தம் கதவு வரைக்கும் வந்தது. "வாங்க அன்புமணி, வாங்க" என்றார். பின்னால் ஏறிய ஒவ்வொருவரையும் வாசலில் நின்று, பேர் சொல்லி, வாங்க கேட்டார். பிறகு வழக்கம்போல டம்ளர், வழக்கம்போல "ஹவ்?". சிரிப்பு மட்டும் கீழே வரவில்லை.

காலையில் அந்தத் தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்தார். பிரிக்கவே இல்லை. என் வீட்டுக்காரி முன்னால் வைத்தார்.

"உள்ள குங்குமம் இருக்குமுங்க அம்மணி. நீங்க வச்சுக்கங்க."

"தேங்காயாச்சும் எடுத்துக்கங்க" என்றாள்.

"ஒண்டியாளுக்கு எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.