தையலக்கா தாண்டிப்போன வரி

தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வீட்டின் முன்னறையில் ஒரு மிஷின், வெட்டுமேசை, இஸ்திரிப் பெட்டி, ஆள் உயரக் கண்ணாடி. நாற்பத்திரண்டாம் வயதில், அந்த அறையில்தான் அவள் ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கினாள்.

அவள் கணவருக்குப் பழைய துணி மூட்டைகள் வந்திறங்கும் கிடங்கில் வேலை. ஜப்பானிலிருந்து வந்த ஒரு மூட்டையைப் பிரித்தபோது சட்டைகளுக்கு நடுவே ஏழு தையல் பத்திரிகைகள் கிடந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“பொம்பளைங்க கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிற படமா இருக்கு. எடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாத்துடு.”

ஒவ்வொரு பத்திரிகையின் நடுவிலும் ஒரு பெரிய தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு உடைகளின் வெட்டுக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, சிவப்பிலும் கறுப்பிலும் நீலத்திலும். எந்தக் கோடு எந்த உடைக்கு என்பது எழுத்தில் இருந்தது. கைப்பேசி கேமராவைக் காட்டினால் அது மொழிபெயர்த்துச் சொன்னது: ‘கழுத்தைத் திருப்பி இரண்டு முறை குத்தவும்.’

“யாரு கழுத்தையாம்?” என்று எட்டிப் பார்த்தார் கணவர்.

“நீங்க இப்படியே சிரிச்சிட்டிருங்க. கூடிய சீக்கிரம் தெரியும்.”

கேமராவை நம்பித் துணியை வெட்ட முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. இணையத்தில் தேடினாள். இலவசமாக எழுத்துக் கற்பிக்கும் ஒரு பக்கம் கிடைத்தது. முகம் தெரியாத ஒரு பெண் ஒவ்வொரு எழுத்தையும் மூன்று முறை நிதானமாகச் சொன்னாள். நாற்பத்தாறு எழுத்து, பிறகு அதே ஒலிகளுக்கு இன்னொரு வடிவத்தில் நாற்பத்தாறு. தையலக்கா வெட்டுமேசையில் சாக்கட்டியால் எழுதினாள். துணி விரித்தால் எழுத்து அழிந்துபோகும். திரும்ப எழுதினாள். கிழிந்த ஜப்பானியச் சட்டைகளின் கழுத்தில் தைத்திருந்த லேபிள்களைக் கணவர் கத்தரித்துக் கொண்டுவந்தார். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் எடுத்துப் படித்தாள். அப்படித்தான் ஒரு நாள், போ, ரி, எ, சு, தே, ரு என்று கூட்டிக் கூட்டி வந்தவள், கடைசியில் அது பாலியெஸ்டர் என்று கண்டாள். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

“பாலியெஸ்டருக்கா மூணு மாசம்?” என்றார் கணவர்.

மூன்றாவதாக ஒரு வகை எழுத்து உண்டு. கஞ்சி என்று பெயர். ஆயிரக்கணக்கில் இருக்கிறது. முன், பின், கை, காலர் என்ற நாலைந்தை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டாள். மற்றவற்றைத் தாண்டிப் போனாள். கோடு புரிந்தது, எண் புரிந்தது. அது போதும் என்றிருந்தாள்.

அப்போதுதான் நர்ஸம்மா வந்தார். வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். கையில் மூன்று மீட்டர் துணி. கருநீலமும் இல்லை, பச்சையும் இல்லை. மழைக்கு முந்தைய வானம் மாதிரி ஒரு நிறம். மில்லில் சாயப் பிரிவில் சேர்ந்த மகள் முதன்முதலாகத் தானே கலந்து எடுத்தது. நிர்வாகம் அந்த நிறம் வேண்டாம் என்றுவிட்டது. உலகத்தில் அந்தச் சாயத்தில் இருந்தது இந்தத் துணி மட்டும்தான்.

“இதுல நீளமா ஒரு கோட்டு. பை ஆழமா இருக்கணும். என் பொண்ணு வந்து பாப்பா.”

தையலக்கா நான்காவது பத்திரிகையைத் திறந்தாள். எட்டுத் துண்டுகள் சேர்ந்த கோட்டு. நர்ஸம்மாவின் அளவும் படத்தின் அளவும் அப்படியே பொருந்தின. எந்தத் துணியை வெட்டினாலும் தையலுக்கு ஓரம் விடுவது அவள் கைக்குப் பழக்கம். அன்று விடவில்லை. இவ்வளவு துல்லியமாகப் போட்டவர்கள் அதையும் சேர்த்துத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். வெட்டுக்கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டினாள்.

தைத்து முடித்துக் கண்ணாடிக்கு முன் பிடித்தபோது தெரிந்தது. எட்டுத் துண்டு, துண்டுக்கு இரண்டு ஓரம், ஓரத்துக்கு ஒரு சென்டிமீட்டர். பதினாறு சென்டிமீட்டர் தையலுக்குள் போயிருந்தது.

அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நர்ஸம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் கோட்டை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. பழைய புடவையைக் கட்டிக்கிட்டுப் போவேன். அவகிட்ட என்னன்னு சொல்றது? ஏற்கெனவே ஒரு தடவை இந்த நிறம் வேண்டாம்னு மில்லுல சொல்லக் கேட்டவ.”

“நாளைக்கு வரைக்கும் டைம் குடுங்க. உங்க பொண்ணுகிட்ட நானே சொல்றேன்.”

அவர் போனதும் தையலக்கா அந்தப் பக்கத்தை முதல் எழுத்திலிருந்து படிக்க உட்கார்ந்தாள். தெரியாத எழுத்தை விரலால் வரைந்தால் பொருள் சொல்லும் அகராதி ஒன்று இணையத்தில் இருந்தது. கோடு மாறினால் வேறு எழுத்து வந்து நிற்கும். அழித்து மறுபடி வரைய வேண்டும். ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ‘படத்தில் தையல் ஓரம் சேர்க்கப்படவில்லை. ஒரு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டவும்.’ ஆறாவது வரியில், மற்ற எழுத்தின் அதே அளவில் இருந்தது.

கணவர் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். கிண்டல் எதுவும் செய்யவில்லை.

ஜப்பானிய பத்திரிகைகளைப் பார்த்துத் தைப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் கோட்டின் படத்தைப் போட்டு, நடந்ததைச் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் ஒரு பெண்ணிடமிருந்து பதில். எந்த ஊர்க்காரி என்று தெரியாது. ‘என் முதல் உடையும் இப்படித்தான். பிரித்து, இடையில் பட்டை வைத்துத் தைத்தேன். இப்படித் தைப்பதற்கென்றே பத்திரிகைகளில் பக்கம் இருக்கும், தேடிப் பாருங்கள்.’ கூடவே தன் உடையின் படம். தையலக்கா தேடினாள். ஐந்தாவது பத்திரிகையில் இருந்தது. இந்த முறை ஒரு எழுத்தைக்கூடத் தாண்டவில்லை.

பட்டைக்குத் துணி வேண்டும். நர்ஸம்மாவின் மகளுக்குத் தானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அவள் பட்டையின் அகலத்தைக் கேட்டுக்கொண்டாள். பிறகு:

“அதே தறித்துணி சாயம் போடாதது என்கிட்ட ஒரு மீட்டர் இருக்கு. ஆகுமா?”

“ஆகும் கண்ணு. நல்லா ஆகும்.”

வியாழன் மதியம் மகள் நேரில் கொண்டுவந்தாள். மாலைக்குள் கோட்டு முடிந்தது. அந்த மழைநிறத்துக்கு நடுவே எட்டு மெல்லிய வெளிர்க்கோடுகள். நர்ஸம்மா போட்டுக்கொண்டு கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பினார். கைகளைப் பைக்குள் விட்டவர் வெளியே எடுக்கவில்லை.

“தனியா இருந்தப்போ நிறம் இப்படித் தெரியல” என்றாள் மகள், அம்மாவைச் சுற்றி வந்து. பிறகு தையலக்காவிடம், “அந்த வரி எங்க இருக்குக்கா?”

தையலக்கா நான்காவது பத்திரிகையை விரித்து, ஆறாவது வரியில் விரல் வைத்தாள். முதலில் ஜப்பானிய மொழியில் வாசித்தாள், பிறகு தமிழில் சொன்னாள்.

“இந்தப் பத்திரிகையைப் போட்டவங்களுக்கும் நன்றி சொல்லணும், அந்தப் பதில் போட்ட புண்ணியவதிக்கும் சொல்லணும்” என்றாள். “உங்க ரெண்டு பேருக்கும் நான் எப்படிச் சொல்றது?”

“அப்புறம் சொல்லலாம்” என்றாள் மகள், நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு. “ஏழாவது வரியில என்ன இருக்கு? படிங்க.”