அடித்த பெயரின் கீழே

எழுபதுகளில் செங்கல்பட்டு அச்சகமொன்றில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். கை சும்மா இருக்காது. பஸ் டிக்கெட்டில்கூடப் பிழை தேடும். ஒருநாள் மாமல்லபுரத்துக் குப்பத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தது. பெண்ணின் அப்பா கடலுக்குப் போய் ஆறு மாதமாகத் திரும்பவில்லை என்றார் கொண்டுவந்தவர். செத்தவர் எப்படி அழைப்பார்? அழைப்பவர் வரிசையில் இருந்த அவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் நீக்கல் குறி போட்டேன்.

மெய்ப்பைக் காட்டி ஒப்புதல் வாங்க நானே பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் நாலு முறை பிரித்துப் பார்த்தேன். ஏதோ உறுத்தியது.

கல்யாணப் பெண்ணின் அம்மாதான் வாசலுக்கு வந்தார். நெற்றியில் பெரிய குங்குமம். சிவப்புக் கோடு தெரியாமல் தாளை மடிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரர் பேர் எனக்குத் தெரியும். அதுல இன்னாத்துக்குக் கோடு?"

பேனாவை எடுத்து, அவர் கையிலிருந்த தாளிலேயே அடித்த பெயரின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தேன்.

"இப்படிப் புள்ளி வெச்சா, அடிச்சது செல்லாது, பேர் அப்படியே இருக்கட்டும்னு அர்த்தம்மா."

"அச்சுக் கோக்கறவருக்கு இது புரியுமா?"

"புரியும்."

அவர் தாளை என்னிடமே நீட்டினார்.

"அப்போ இன்னும் நாலு புள்ளி சேத்து வையி."