சித்திரையில் ஒரு தடவை அளந்து பாருங்கள்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று அம்மா சொன்னார்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். கசந்தால் நான் பொறுப்பில்லை.

தாமிரபரணி மலையிறங்கி வரும் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர் அப்பா. வேலை கிடைத்தது, அதே ஆறு கடலில் சேரும் ஊரின் சிறு துறைமுகத்தில். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தோணியிலிருந்து இறக்கி ஆழம் அளந்து எழுதும் அரசு ஊழியர். முத்தும் குதிரையும் ஏறி இறங்கிய கரை அது என்று சோறு ஊட்டும்போதே சொல்லுவார். "கொற்கையும் ஒரு காலத்துல கடல் துறைதாம்மா. ஆறு மணலக் கொட்டிக் கொட்டிக் கடலத் தள்ளிட்டு. இப்போ அங்கன இருந்து கடலப் பாக்கணும்னா பஸ் ஏறணும்."

எங்கள் ஊர் முகத்துவாரத்தின் குணமும் அதுதான். கார்த்திகை வெள்ளம் மணலை அடித்துக்கொண்டு போய் ஆழமாக்கும். பிறகு அலை பையப் பைய மணலைத் திருப்பிக் கொண்டு வந்து போடும். சித்திரையில் ஆடு நடந்தே அக்கரை போகும்.

படகுத்துறை வேண்டும் என்று ஊர் கேட்டது. மேலிடத்து அதிகாரி ஒருவர் அளக்க வந்தது, வெள்ளம் வடிந்த வாரத்தில். கயிறு இரண்டு ஆள் ஆழம் காட்டியது. "ஐயா, இது வெள்ளம் தோண்டுன ஆழம். சித்திரையில ஒரு தடவ அளந்து பாருங்க" என்று அப்பா தோணியிலேயே சொல்லியிருக்கிறார்.

"உம்ம கயிறு பொய் சொல்லுமா வே? பாத்தத எழுதிக் கையெழுத்தப் போடும்."

அப்பா போட்டார். பக்கத்தில் மாதத்தைக் குறிக்காமல் விட்டார். அது அவர் தப்புதான். மகள் என்பதற்காக நான் மறைக்கப்போவதில்லை.

கல்லைக் கொட்டித் துறை கட்டினார்கள். அடுத்த சித்திரையிலேயே படகுகள் தரை தட்டின. அந்த அதிகாரியை ஊர் தேடவில்லை, கையில் அகப்பட்ட அப்பாவைப் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் அவர் காது படவே, "ஏலே, ஆழம் பாத்த புண்ணியவான் வாராரு, வழி விடுங்கலே" என்பார்கள். என் கல்யாணப் பத்திரிகையைச் சிரித்த முகமாய் வாங்கிக்கொண்டவர்கள் ஒருவரும் வரவில்லை. பந்தியில் போட்ட இலைகள் அப்படியே கிடந்தன. அம்மா அன்று அழுததை நான் மறக்கமாட்டேன்.

ஓய்வு பெற்றுத் திருநெல்வேலி டவுணுக்கு வந்த பிறகும் சித்திரை பிறந்தால் கயிற்றை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அளப்பார், மனு எழுதுவார். பதில் வந்ததில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன்னு அந்த ஊர்ல ஒரு ஆளாவது சொன்னாப் போதும்மா" என்பார். ஆஸ்பத்திரியில் கடைசியாய்க் கேட்டதும், "சித்திர பொறந்துட்டா?" என்பதுதான். பிறந்திருந்தது.

அஸ்தியை முகத்துவாரத்தில் கரைக்கப் போனோம். அப்பாவுக்கு அந்நாளில் தோணி ஓட்டிய அந்தோணி அண்ணாச்சி தம் வள்ளத்தைக் கொண்டு வந்தார். பாதி வழியில் அது மணலில் உட்கார்ந்துவிட்டது. அண்ணாச்சி இறங்கினார். முழங்காலளவு தண்ணீர். குனிந்தபடியே சொன்னார்: "சார் அன்னைக்கே சொன்னாங்கம்மா. அந்தத் தோணியில நாந்தான இருந்தேன். ரெண்டு காதாலயும் கேட்டேன்."

வள்ளத்தில் இருந்தபடியே கேட்டேன்: "இத்தனை வருசமா ஏன் அண்ணாச்சி வாயத் தொறக்கல?"

"அன்னைக்குச் சொன்னா, வந்த துறையத் தடுத்தவன்னு ஊரு என்னத் தள்ளி வச்சிருமேன்னு பயந்துட்டேன், தாயி. பொறவு சொன்னா, அன்னைக்கே ஏன் சொல்லலன்னு கேப்பாங்களேன்னு பயம்."

அஸ்திப் பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, படகு போகும் என்று ஊர் நம்பிய வழியில் நடந்தே போய்க் கரைத்தோம்.

அப்பாவின் இறுதி நாட்களில் உடனிருந்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், சோறு கொடுத்தனுப்பிய டவுண் அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வள்ளம் தந்த அந்தோணி அண்ணாச்சிக்கும் நன்றி. அதை மனசார எழுத இன்னும் வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நினைவு நாளன்று துறைமுகத்து மீன் ஏலக் கூடத்தில் அந்த ஊரார் முன் இந்தக் கட்டுரையை அவரே வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் வராவிட்டால் நான் வாசிப்பேன். அப்பாவின் கயிறு என்னிடம்தான் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் என்னோடு முகத்துவாரத்துக்கு வரலாம். இதுவும் சித்திரைதான்.