சிக்னல் இல்லாத நாட்கள்

கொடைக்கானலில் எதற்கும் மேகத்தின் மேல் பழி போடலாம். பஸ் தாமதமா, துணி காயவில்லையா, எல்லாம் மேகம்தான். மேகம் கெட்டியாக இறங்கினால் டிவியில் சிக்னல் போய்விடும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

போர் தொடங்கியபோது எனக்கு அதுதான் கைகொடுத்தது. கணவர் வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். எந்தச் சேனலைத் திருப்பினாலும் அவர் இருக்கும் ஊரின் பெயர், ஏவுகணை, புகை. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் டிஷ் ஒயரை உருவிவிடுவேன். "மேகம் எறங்கிருச்சு பாப்பா, சிக்னல் இல்ல" என்பேன். அவளும் பேசாமல் வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொள்வாள். நான் அடுப்படியில் நின்று சத்தத்தைக் குறைத்துப் போனில் செய்தி பார்ப்பேன். பக்கத்து வீடுகளில் சொல்லலாம்தான். எனக்கும் சேர்த்து அவர்களே அழுதுவிடுவார்கள். கடைசியில் நான்தான் டீ போட்டுக் கொடுத்துத் தேற்ற வேண்டும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

தினமும் விடிந்ததும் அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும். ஒரு சனிக்கிழமை வரவில்லை. கூப்பிட்டாலும் லைன் போகவில்லை. அந்தப் பதற்றத்தில் ஒயரை உருவாமலே, பள்ளி லீவில் இருந்த மகளை வீட்டில் விட்டுவிட்டு வட்டக்கானலுக்கு, நான் வேலை பார்க்கும் விடுதிக்குப் போய்விட்டேன். அன்று நல்ல கூட்டம். வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துச் சாவி கொடுத்துவிட்டு மதியம் வீடு திரும்பினேன்.

டிவி ஓடவில்லை. தரையில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"மேகம் எறங்கிருச்சும்மா. சிக்னல் வரல."

வெளியே சுள்ளென்று வெயில். எதிர் மலையின் மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒயர் டிவிக்குப் பின்னால், நான் விடுகிற மாதிரியே, தொங்கிக்கொண்டிருந்தது. அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நான் பார்க்கக் கூடாதென்று உருவியிருக்கிறாள். இந்த ஒற்றை அறைக்குள் ஆளுக்கொரு மூலையில் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

ஒயரைச் சொருகிவிட்டு அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டேன். டிவியில் வந்த புகையைக் காட்டி, அது அப்பா இருக்கும் ஊர்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இன்று அவரிடமிருந்து எதுவும் வரவில்லை என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை, என் விரலை மட்டும் விடவே இல்லை.

வெயில் சாயும் நேரத்தில் மெசேஜ் வந்தது. சேர்ந்தே கேட்டோம்.

"நெட் கிடைக்கல, அதான். இங்க ஒண்ணும் இல்ல, அமைதியாத்தான் கெடக்கு. பாப்பாகிட்ட சொல்லு."

அவர் குரலுக்குப் பின்னால் சைரன் ஊளையிட்டது.

மகள் அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா ஊர்லயும் மேகம் எறங்குமாம்மா?"